பிக்கப்ப தூக்கணும்னு நெனைக்கிறவங்க எடை மேடைல இருந்து ஆரம்பிங்க

பிக்கப் வாங்குன கொஞ்ச நாள்லயே நெறைய பேருக்கு வர்ற ஆசை இது, வண்டிய ஒரு ரெண்டு இன்ச் தூக்கிட்டா பாக்க கம்பீரமா இருக்கும், தோட்டத்துக்குள்ள போறப்ப அடியும் தட்டாதுன்னு. ஆசைல ஒரு தப்பும் இல்ல. மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்னு எங்கிட்டு பாத்தாலும் இப்ப வி-கிராஸ், ஹைலக்ஸ், பொலிரோ கேம்பர்னு ஓடுது, அதுல தூக்குன வண்டியும் கண்ணுல படுது. ஆனா அதுல சில வண்டிய ஓட்டிப் பாத்தா வேகத்தடைல பின்னாடி உக்காந்தவருக்கு முதுகு போகுது, நாலு வழிச்சாலைல 90-ல போறப்ப ஸ்டியரிங் அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. காரணம் ஒன்னுதான், எத்தன இன்ச்னு மட்டும் கேட்டு வாங்கிருக்காங்க, வண்டி எம்புட்டு எடை சுமக்குதுன்னு யாரும் கேக்கல, கடைக்காரரும் கேக்கல. இத புதுசா யோசிக்கிறவங்களுக்காக முதல்ல இருந்து எழுதுறேன், வரிசையா போனா காசும் மிச்சம், வண்டியும் பத்திரம்.

தூக்குறதுன்னா எது மேல போகுது

இது புரியாமத்தான் பாதி காசு வீணாகுது. சஸ்பென்ஷன் லிஃப்ட்னா சேஸுக்கும் (வண்டி அடில இருக்க இரும்புச் சட்டம்) வீலுக்கும் நடுவுல இருக்க தூரத்த கூட்டுறது. பாடி மேல போகும், சேஸ் மேல போகும், பம்பர், சைடு ஸ்டெப், டீசல் டேங்க் எல்லாம் மேல போகும். ஆனா பின்னாடி ஆக்சில் நடுவுல உருண்டையா தொங்குதே டிஃப்ரென்ஷியல், ரெண்டு வீலுக்கும் சக்திய பிரிச்சுத் தர்ற கியர் கூடு, அது ஒரு மில்லிமீட்டர் கூட மேல போகாது, ஏன்னா அது நேரா டயர் மேல நிக்கிது. அது மேல போகணும்னா டயர் பெருசாகணும், வேற வழி இல்ல. அதனால உங்க வண்டில அடி படுறது எந்த இடம்னு முதல்ல குனிஞ்சு பாருங்க. டிஃப்ரென்ஷியல்லதான் கல்லு தட்டுதுன்னா லிஃப்ட் கிட்டுக்கு செலவு பண்றது தண்டம். பம்பர் முனை, சைடு ஸ்டெப், வயித்துப்பகுதி தட்டுதுன்னா லிஃப்ட்டுக்கு வேலை இருக்கு.

பிக்கப்புக்கு பொதுவா வயித்துப்பகுதிதான் பலவீனம். முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல 3 மீட்டருக்கு மேல இருக்கு, வி-கிராஸ் 3095 மில்லி, ஹைலக்ஸ் 3085 மில்லி. கண்மாய்க் கரை ஏறி இறங்குறப்ப, வாய்க்கால் மேட்ட தாண்டுறப்ப முன் வீல் அந்தப்பக்கம் இறங்கிரும், பின் வீல் இந்தப்பக்கம் நிக்கும், நடு வயிறு மேட்டுல உக்காந்துரும். இந்த அளவுக்கு 50 மில்லி தூக்குனா அந்த மேட்ட தாண்டுற கோணம் கணக்குப்படி 3 டிகிரிக்கு மேல கூடும். கேக்க சின்ன எண்ணா தெரியும், கரைல நிக்கிறப்ப அது பெருசு.

படி 1: வண்டி எதுக்குன்னு உண்மையா முடிவு பண்ணுங்க

வாரம் முழுக்க நாலு வழிச்சாலை, மாசத்துல ஒருநாள் கொடைக்கானல், இதுதான் உங்க ஓட்டம்னா லிஃப்ட்டே வேணாம். கொடைக்கானல் ரோடும் தார் ரோடுதான், சிறுமலை ரோடும் தார் ரோடுதான். சிறுமலைல 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் வண்டி சாயும், உயரம் கூடக்கூட சாய்வு கூடும். அதே காசுல நல்ல டயரும் நல்ல ஷாக்கும் போட்டா அந்த ரோட்டுல வண்டி எம்புட்டோ நல்லா போகும். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள தினமும் போறீங்க, எழுமலை பக்கம் மானாவாரிக் காட்டுல வண்டித்தடத்துல போறீங்க, ஓடை தாண்டித்தான் தோட்டம்னா, அப்ப பேசலாம்.

கரிசக்காட்டுக்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடி பக்கம் மழை பேஞ்சா கரிசல் மண்ணு டயர் பட்டன்ல அப்பிக்கிட்டு டயரே வழுவழுன்னு ஆயிரும், அங்க வண்டி நிக்கிறது உயரம் பத்தாம இல்ல, பிடிமானம் இல்லாம. நாலு இன்ச் தூக்குனாலும் அங்க வண்டி நின்ன இடத்துலதான் நிக்கும். டயர் பட்டனும் காத்தும் சரியா இருந்தா தூக்காத வண்டியே வந்துரும்.

இன்னொன்ன அழுத்தியே சொல்றேன், ஜல்லிக்கட்டுக் காளை ஏத்துற வண்டிய தூக்காதீங்க. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம்னு தை மாசம் பூரா பிக்கப்லதான் மாடு போகுது. மாடு நின்னுக்கிட்டே வரும், எடை பூரா மேல இருக்கும், அதுவும் அசையிற எடை, வளைவுல மாடு ஒரு பக்கம் காலை மாத்தி ஊன்றப்ப வண்டியும் அந்தப்பக்கம் போகும். அதுக்கு அடில இன்னும் ரெண்டு இன்ச்ச கூட்டுனா வண்டி கவுர வாய்ப்ப நாமளே கூட்டுன மாதிரி. ஏத்துற பலகையும் செங்குத்தாகி மாடு கால் வழுக்கும். அந்த வண்டிக்கு தேவை நல்ல ஷாக், சாகாத பட்டை (பின்னாடி தகடு தகடா அடுக்கிருக்க ஸ்பிரிங்), தரை விரிப்பு.

சரக்கு ஏத்துறவங்களும் யோசிங்க. விடிய முன்னாடி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டு போறீங்க, வாழைத்தார் ஏத்துறீங்கன்னா, லோடுமேன் ஒவ்வொரு மூட்டையையும் ரெண்டு இன்ச் கூட தூக்கணும், நாள் பூரா. வீட்டுல வயசானவங்க இருந்தா சேலை கட்டிக்கிட்டு ஏறுறது எம்புட்டு சிரமம்னு அவங்களயே ஒருதடவை ஏறச் சொல்லிப் பாருங்க, லிஃப்ட் போட்டா சைடு ஸ்டெப்பும் மாத்த வேண்டி வரலாம்.

படி 2: எடை மேடைக்கு போங்க

இத யாருமே செய்யிறது இல்ல, ஆனா எனக்கு தெரிஞ்சு இதவிட முக்கியமான படி கிடையாது. ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கு, ரைஸ் மில்லு பக்கம், பஞ்சு மில்லு பக்கம், செலவு ரொம்ப கம்மி. அங்க போய் மேடைக்காரர்ட்ட மூணு சீட்டு வேணும்னு சொல்லுங்க. முன் வீல் ரெண்டும் மட்டும் மேடைல நிக்கிறப்ப ஒன்னு, முழு வண்டியும் நிக்கிறப்ப ஒன்னு, பின் வீல் மட்டும் நிக்கிறப்ப ஒன்னு. முன்னயும் பின்னயும் கூட்டுனா முழு எடைக்கு பக்கத்துல வரணும், வந்தா சரி. இத ரெண்டு தரம் செய்யணும், ஒருதடவை காலி வண்டி, இன்னொரு தடவை நீங்க சாதாரணமா ஏத்துற சுமையோட, ஆளோட.

எதுக்கு இதுன்னா, ஸ்பிரிங் விக்கிறவங்க எல்லாரும் எடை வாரியாத்தான் தயாரிக்கிறாங்க. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் மாதிரி ஆஸ்திரேலியா கம்பெனிக எதை எடுத்தாலும் முன்னாடிக்கு சாதா பம்பருக்கு ஒரு காயில், ஸ்டீல் பம்பர், சிக்குன வண்டிய இழுக்குற வின்ச்சோட இருந்தா ஒரு காயில்னு பிரிச்சிருப்பாங்க. பின்னாடி பட்டைக்கும் காலியா ஓடுற வண்டிக்கு ஒன்னு, எப்பவும் 200, 300 கிலோ இருக்குறதுக்கு ஒன்னு, 500 கிலோ இருக்குறதுக்கு ஒன்னுன்னு இருக்கும். இதுல 'எப்பவும்'ங்கறத கவனிங்க. வருசத்துல நாலு நாள் 500 கிலோ ஏத்துறவரு 500 கிலோ பட்டைய வாங்கிட்டா மிச்ச நாள் பூரா வண்டி குதிச்சுக்கிட்டேதான் போகும். 'கனமானது குடுங்க, நல்லா இருக்கும்'னு கேக்காதீங்க. காலியா 300 நாள் ஓடுற வண்டிக்கு காலி பட்டைதான் நல்லது, கனம் ஏத்துற அந்த நாலு நாளைக்கு பட்டைக்கும் சேஸுக்கும் நடுவுல வைக்கிற ஏர் பேக் மாதிரி எதையாச்சும் சேத்துக்கலாம்.

அதோட ஒன்னு, கனமான பட்டை போட்டதால வண்டியோட சுமக்குற சக்தி கூடிருச்சுன்னு நெனைக்காதீங்க. ஆர்.சி.ல போட்டிருக்க மொத்த எடைதான் வரம்பு. ஆக்சில் அதேதான், பிரேக் அதேதான், சேஸ் அதேதான். சுமையோட எடுத்த சீட்ட ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பாருங்க, ஏற்கனவே தாண்டிருந்தா லிஃப்ட் பேச்சை விட்டுட்டு சுமைய கொறைங்க.

படி 3: இப்ப இருக்க உயரத்த அளந்து எழுதி வைங்க

சமதளத்துல வண்டிய நிறுத்தி, வீல் நடுப்புள்ளில இருந்து நேர மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு மூலையும் டேப்ல அளங்க. தரைல இருந்து அளக்காதீங்க, டயர் தேய்மானம், காத்து எல்லாம் அதுல கலந்துரும். பழைய வண்டியா இருந்தா ஒரு பக்கம் கம்மியா இருக்கலாம், அது ஸ்பிரிங் சோந்துபோனது. 1 லட்சம் கிலோமீட்டர் ஓடி பட்டை படுத்துப்போன வண்டிக்கு லிஃப்ட்டே தேவையில்ல, கம்பெனி பட்டைய புதுசா போட்டாலே பழைய உயரம் வந்துரும், பல பேருக்கு அதுவே போதும்.

பின்னாடி கொஞ்சம் தூக்கலா, முன்னாடி கொஞ்சம் எறக்கமா இருக்கும். அது கம்பெனி வேணும்னே வச்சது, சுமை ஏத்துனா சமமாகணும்னு. அத பாத்து முன்னாடிய மட்டும் தூக்கி சமமாக்குனா, சுமை ஏத்துனதும் பின்னாடி உக்காந்து மூக்கு வானத்த பாக்கும், ராத்திரி எதுக்க வர்றவன் கண்ணு பூரா உங்க லைட்டுதான்.

படி 4: எந்த வகை லிஃப்ட்

வி-கிராஸ், ஹைலக்ஸ் ரெண்டுலயும் முன்னாடி தனித்தனியா ஆடுற டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு வீலுக்கும் மேல் ஆர்ம் ஒன்னு, கீழ் ஆர்ம் ஒன்னு, அதோட காயில் ஸ்பிரிங். பின்னாடி ஒரே ஆக்சில், பட்டை ஸ்பிரிங். அதனால முன்னாடிக்கு ஒரு கதை, பின்னாடிக்கு ஒரு கதை.

பாடி லிஃப்ட்னு ஒன்னு இருக்கு, சேஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டைய வச்சு பாடிய மட்டும் தூக்குறது. சஸ்பென்ஷன் மாறாது, ஆனா சேஸ் வயிறு அப்பிடியே இருக்கும், பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல சந்து விழும், ஸ்டியரிங் ஷாஃப்ட், வயரு, ஹோஸ் எல்லாம் இழுபடும். நம்ம தேவைக்கு இது உதவாது, விட்ருங்க.

ஸ்பேசர் தான் ரொம்ப மலிவு. முன்னாடி ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேந்த கூட்டு) மேல ஒரு தடிமனான வளையம் வைப்பாங்க. ஆயிரக்கணக்குல முடிஞ்சுரும், முழு கிட்டு லட்சத்த தாண்டும், அதனால எல்லாரும் இதுலதான் கைய வைக்கிறாங்க. கவனிக்க வேண்டியது, ஸ்ட்ரட் ஆர்முக்கு நடுவுல மாட்டிருக்கதால மேல வைக்கிற தடிமனவிட வீல்ல கூட தூக்கும், சில வண்டில ஒரு இன்ச் வளையத்துக்கு வீல்ல ரெண்டு இன்ச் வரைக்கும் ஏறும். ரெண்டு இன்ச் வேணும்னு ரெண்டு இன்ச் வளையம் கேட்டு வாங்குனா வண்டி நாலு இன்ச் கிட்ட போய் நிக்கும், ஆக்சில் கோணம் பூரா கெட்டுரும். இன்னொரு கொறை, ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழசேதான், ஆனா வீல் கீழ எறங்குறதுக்கு மேல் ஆர்ம்ல மிச்சம் இருந்த எடம் போயிரும். பள்ளத்துல வீல் தொங்குறப்ப 'டக்'குனு ஒரு சத்தம் வரும், அது எல்லைல போய் முட்டுற சத்தம். ஒரு இன்ச்சுக்குள்ள, நல்ல கம்பெனி ஸ்பேசர், பம்பர் எடைனால முன்னாடி தணிஞ்ச வண்டிக்கு, இதுக்கு மட்டும் நான் சரின்னு சொல்வேன்.

முன்னாடி காயிலுக்கு பதிலா டார்ஷன் பார்ங்கற முறுக்குக் கம்பி இருக்க பழைய பிக்கப்னா மெக்கானிக் போல்ட்ட திருகியே முன்னாடிய தூக்கிருவாரு, ஒரு பைசா பொருள் செலவில்ல. கொஞ்சம் திருகலாம். நெறைய திருகுனா ஷாக் முழுசா நீண்டு எல்லைலயே நிக்கும், கல்லுல ஏத்துன மாதிரி ஓடும்.

நல்ல வழி, வண்டி எடைக்கு ஏத்த புது காயில், அதுக்கு ஏத்த நீளமான ஷாக், பின்னாடி புது பட்டை செட்டு, எல்லாம் ஒரே கம்பெனி ஒரே கிட்டு. ஸ்பிரிங்க அமுக்குறத விட திரும்பி வர்றப்ப புடிச்சு நிறுத்துறதுதான் ஷாக்கோட பெரிய வேலை. கனமான ஸ்பிரிங்குக்கு பழைய மெல்லிசு ஷாக்க விட்டா வேகத்தடை தாண்டி மூணு தடவ ஆடும். அதனால ஸ்பிரிங் ஒரு கம்பெனி, ஷாக் ஒரு கம்பெனின்னு ஆஃபர்ல கெடைச்சத சேத்து மாட்டாதீங்க. ஷாக்ல மோனோ டியூப், ட்வின் டியூப்னு சண்டை போடுவாங்க, நம்ம ஓட்டத்துக்கு நல்ல ட்வின் டியூப் கேஸ் ஷாக்கே தாராளம்.

படி 5: பின்னாடி பட்டை, இங்கதான் நம்ம ஊர்ல தப்பு நடக்குது

லாரி ஊரு நம்ம ஊரு, பட்டை அடிக்கிற பட்டறைக்கு பஞ்சமே இல்ல, அவங்க கை வேலைய நான் மதிக்கிறேன். ஆனா லாரிக்கு செய்யிறது அப்பிடியே பிக்கப்புக்கு பொருந்தாது. பழைய பட்டைய கழட்டி வளைவ ஏத்தித் தர்றேன்னு சொல்வாங்க. அடிச்சு வளைவ ஏத்துறது கொஞ்ச காலம் நிக்கும். கேஸ் வச்சு சூடு காட்டி வளைச்சா மட்டும் சம்மதிக்காதீங்க, பட்டையோட டெம்பர் (இரும்புக்கு ஏத்துன விறைப்பு) போயிரும், ஒன்னு சீக்கிரமே படுக்கும், இல்லாட்டி சுமையோட போறப்ப உடையும்.

கூட ஒரு பட்டை சேக்குறது இன்னொரு வழி. உயரமும் வரும், சுமையும் தாங்கும், ஆனா காலியா ஓடுறப்ப கரடுமுரடா இருக்கும், நீளமான பட்டையா சேத்தா பரவால்ல, குட்டையா தடிப்பா ஒன்ன சொருகுனா மெயின் பட்டை அந்த முனைலயே மடங்கி அங்கயே விரிசல் விடும்.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வைக்கிறது மூணாவது வழி. பின்னாடிக்கு, அதுவும் ஒரு இன்ச் ரெண்டு இன்ச்சுக்குள்ள, ஒரே துண்டா செஞ்ச கட்டைன்னா சரி. ஒன்னு மேல ஒன்னு அடுக்குறது கூடவே கூடாது. முன்னாடியும் பட்டை இருக்க பழைய ஜீப்பு மாதிரி வண்டிக்கு முன் ஆக்சில்ல கட்டை வைக்கிறது பெரிய ஆபத்து, பிரேக் புடிக்கிறப்ப நழுவுனா ஸ்டியரிங் கைல இருக்காது. கட்டை ஒசந்தா ஆக்சிலேட்டர் மிதிக்கிறப்ப ஆக்சில் முறுக்கிக்கிற கோளாறும் வரும்.

பட்டையோட ஒரு முனைய சேஸ்ல தொங்க விடுற ஷேக்கிள நீளமாக்குறதும் செய்வாங்க. ரெண்டு இன்ச் நீளம் கூட்டுனா ஒரு இன்ச்தான் ஏறும், பட்டையோட ஒரு முனை மட்டும் எறங்குறதால. நீளமான ஷேக்கிள் பக்கவாட்டுல ஆடும், நான் சொல்ல மாட்டேன்.

எது செஞ்சாலும் பட்டையையும் ஆக்சிலையும் சேத்துப் புடிக்கிற யூ போல்ட்ட புதுசா போடுங்க. ஒருதடவை முறுக்குன யூ போல்ட் இழுபட்டிருக்கும், திரும்ப அத முறுக்குனா அதே புடி கெடைக்காது, புடி தளந்தா சென்டர் போல்ட் வெட்டுப்படும், ஆக்சில் நகந்துரும். சில நூறு ரூபாய மிச்சம் புடிக்கிற எடம் இது இல்ல.

படி 6: எம்புட்டு உயரம்

சுருக்கமா சொல்லிடுறேன், 40-ல இருந்து 50 மில்லி. அதுக்கு மேல வேணாம்.

காரணம், முன் வீலுக்கு சக்தி கொண்டு போற ஆக்சில் ஷாஃப்ட்டோட சி.வி. ஜாயின்ட் கோணம். சேஸோட சேந்து முன் டிஃப்ரென்ஷியல் மேல போயிரும், வீல் கீழ நிக்கும், நடுவுல ஷாஃப்ட் சரிஞ்சு நிக்கும். 50 மில்லி வரைக்கும் தாங்கும். அதத் தாண்டுனா ரப்பர் பூட் மடிப்பு ஒன்னோட ஒன்னு உரசிக் கிழியும், கிரீஸ் வெளிய சிதறும், தூசி உள்ள போகும், ஜாயின்ட் போச்சு. மேல் ஆர்ம் பால் ஜாயின்ட்டும் அதே மாதிரி எல்லைக்கு போயிரும். அதுக்கு மேல தூக்கணும்னா மேல் ஆர்ம் மாத்தணும், டிஃப்ரென்ஷியல எறக்கணும், பிரேக் ஹோஸ் நீட்டணும்னு செலவு தொடர்ந்துக்கிட்டே போகும், மதுரை சுத்துவட்டாரத்துல அந்த உயரம் கேக்குற பாதை எதுவும் எனக்குத் தெரியல.

50 மில்லிக்குள்ள இருந்தாலும் மூணு எடம் பாக்கணும். ஒன்னு பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும், வீல முழுசா தொங்க விட்டு, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு எங்கயாச்சும் விறைக்குதான்னு பாக்கணும். ரெண்டாவது, பல பிக்கப்ல பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட ஒரு வால்வு இருக்கும், சுமை ஏறி பின்னாடி தணிஞ்சா பின் பிரேக்குக்கு பிரஷர கூட்டும், காலியா ஒசந்து நின்னா கொறைக்கும். வண்டிய தூக்கிட்டு அத சரி பண்ணாம விட்டா, சுமை ஏத்தியிருந்தாலும் வண்டி காலின்னு அந்த வால்வு நெனச்சுக்கும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். போடி மெட்டு எறக்கத்துல லோடோட வர்றவருக்கு இதுவே உயிர். இதுக்கு சின்ன பிராக்கெட்டோ அட்ஜஸ்ட்மென்ட்டோ இருக்கு, இதப்பத்தி மெக்கானிக்க கேட்டுப் பாருங்க, அவருக்கு தெரியலன்னா வேற பட்டறை பாருங்க. மூணாவது, பின் ஆக்சிலுக்கு சக்தி கொண்டு போற நீளமான கார்டன் ஷாஃப்ட் நடுவுல தொங்குற பேரிங், தூக்குனபிறகு வண்டி கிளம்புறப்ப ஒரு நடுக்கம் வந்தா அதோட கோணந்தான், வாஷர் வச்சு எறக்குனா போயிரும்.

படி 7: டயர்

பல வி-கிராஸ்ல வர்றது 255/60 ஆர் 18, முழு உயரம் சுமார் 763 மில்லி. 265/65 ஆர் 18 போட்டா சுமார் 802. வித்தியாசத்துல பாதிதான் அடில கெடைக்கும், 19 மில்லி. டிஃப்ரென்ஷியல் மேல போறது இம்புட்டுதான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டுறப்ப நெசமா 105 போவீங்க, டயர் எடை கூடுறதால வண்டியோட இழுவையும் மைலேஜும் கொறையும், முழு ஒடிப்புல மட்கார்டு உள்பக்கம் உரசுதான்னும் பாக்கணும். ஸ்டெப்னி தொங்குற எடத்துல புது அளவு நுழையுதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துருங்க, இத மறந்துர்றாங்க.

சேத்துக்குன்னே இருக்க மட் டயர் வேணாம், தினமும் தார் ரோட்டுல போறவருக்கு ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான ஆல் டெரைன் போதும். ஓடை மணல்ல எறங்குறப்ப காத்த 18, 20 பி.எஸ்.ஐ.க்கு எறக்கிட்டு, திரும்ப ரோட்டுக்கு வந்ததும் பம்ப் வச்சு ஏத்திக்கங்க. பத்து நிமிச வேலை, லிஃப்ட்டவிட மணல்ல இதுதான் காப்பாத்தும்.

படி 8: சட்டமும் இன்சூரன்சும்

இத கடைசில பாத்துக்கலாம்னு விடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து ஆர்.சி. விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்னுக்கும் 5000 ரூபா அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயிலுன்னும் இருக்கு. அதனால உங்க வண்டி டிஎன் 58-ஓ, 59-ஓ, 64-ஓ, பதிஞ்ச ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வாங்குறதுக்கு முன்னாடியே மனு குடுத்து எழுத்துல கேட்டுக்கங்க. கடைக்காரர் 'ஒன்னும் ஆகாதுண்ணே'ன்னு சொல்றது பதிலாகாது. டிரான்ஸ்போர்ட் வண்டியா பதிஞ்சிருந்தா 8 வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, அப்பறம் வருசா வருசம் எஃப்.சி.க்கு (வண்டி தகுதிச் சான்று) நிக்கணும், அங்க டயர் அளவுல இருந்து கேள்வி வரும். ஸ்டீல் பம்பர், புல் பார் மாட்டலாம்னு இருந்தா, 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதுக்கு எதிரா மாநிலங்களுக்கு கடிதம் போட்டுருச்சு, அத விட்ருங்க, எடையும் மிச்சம்.

இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் குடுத்து பதில் வாங்குங்க. சொல்லாம மாத்தி, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னு வந்தா கிளைம தட்டிக்கழிக்க அதுவே காரணமாகும். புது வண்டின்னா சஸ்பென்ஷன் வாரன்ட்டியும் போகலாம், ஷோரூம்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

படி 9: மாட்டுறப்ப பக்கத்துல நில்லுங்க

பட்டறைக்காரருக்கு இது தொந்தரவா இருந்தாலும் பரவால்ல, டீ வாங்கிக் குடுத்துட்டு பக்கத்துலயே நில்லுங்க. முன் ஸ்ட்ரட்ல காயில கழட்டுறப்ப அதுக்குன்னு இருக்க கம்ப்ரசர் டூல் இருக்கணும், கயிறு கட்டி, கம்பி கட்டி கழட்டுற பட்டறைல வண்டிய விடாதீங்க, அமுங்கி இருக்க காயில் தெறிச்சா ஆளையே கொன்னுரும். வண்டிய ஜாக்கில மட்டும் நிறுத்தி கீழ படுக்க விடாதீங்க, ஸ்டாண்டு போடச் சொல்லுங்க.

அப்பறம் புஷ்ஷு போல்ட்டு. ஆர்ம்லயும் பட்டை கண்ணுலயும் ரப்பர் புஷ் இருக்க போல்ட்ட வண்டி தூக்குல இருக்கப்ப முழுசா முறுக்கக் கூடாது. தொங்குற நிலைல முறுக்கிட்டு கீழ எறக்குனா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரமே கிழியும், உயரமும் தப்பா காட்டும். லேசா புடிச்சு, வண்டிய தரைல எறக்கி, ரெண்டு தடவ முன்ன பின்ன உருட்டி, பெறகுதான் டார்க் ரெஞ்ச் வச்சு முழு முறுக்கு. வேலை தெரிஞ்ச பட்டறையா இல்லையான்னு கண்டுபிடிக்க இந்த ஒரு விஷயம் போதும்.

முடிஞ்சதும் அதே நாள் அலைன்மென்ட். டோ (முன் வீல் ரெண்டும் உள்ள வெளிய திரும்பிருக்க அளவு) மட்டும் பாத்து அனுப்பிருவாங்க, காஸ்டர் (பக்கவாட்டுல பாத்தா வீல் திரும்புற அச்சு சாஞ்சிருக்க கோணம்) எண்ண கேட்டு வாங்குங்க. முன்னாடி தூக்குனா காஸ்டர் கொறையும், அது கொறஞ்சாதான் திருநெல்வேலி ரோட்டுல வேகமா போறப்ப ஸ்டியரிங் நேரா நிக்காம அலையும், திருப்பி விட்டா தானா திரும்பி வராது. கம்பெனி அளவுக்குள்ள காஸ்டர் வரவே மாட்டேங்குதுன்னா உயரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், எறக்கணும். ஹெட்லைட்டையும் அன்னைக்கே கீழ எறக்கிருங்க. தேனி ரோட்டுல ராத்திரி எதுக்க வர்ற பைக்காரர் உங்க லைட்ல கண்ணு கூசி ஓரத்துல எறங்கக் கூடாது.

படி 10: மொத ஆயிரம் கிலோமீட்டர்

500 கிலோமீட்டர்ல யூ போல்ட்ட திரும்ப முறுக்கணும், புது பட்டை ஒன்னோட ஒன்னு படிஞ்சு எடம் விடும். 1000-ல எல்லா போல்ட்டும் ஒருதரம், சி.வி. பூட்ல கிரீஸ் கசியுதான்னு டார்ச் அடிச்சு ஒரு பார்வை, அலைன்மென்ட் இன்னொரு தரம். படி 3-ல எழுதி வச்ச அளவ எடுத்து நாலு மூலையும் திரும்ப அளங்க, புது ஸ்பிரிங் கொஞ்சம் படிஞ்சு எறங்கும், அது இயல்பு, இடமும் வலமும் 10 மில்லிக்கு மேல வித்தியாசம் இருந்தாத்தான் பட்டறைக்கு திரும்பணும்.

மொத வாரம் வளைவுல மெதுவா போங்க. வண்டி அதே வண்டிதான், சாயிற கணக்கு வேற. பழகுன ரோடுன்னு பழைய வேகத்துல சிறுமலை எறங்காதீங்க.

கழட்டுன பழைய காயில், ஷாக், பட்டை, போல்ட்டு எதையும் பழைய இரும்புக்கு போட்றாதீங்க. ஒரு சாக்குல கட்டி மோட்டார் ரூம்ல போட்டு வைங்க. எஃப்.சி.ல கேள்வி வந்தாலும், வண்டிய விக்கிறப்ப வாங்குறவர் கம்பெனி உயரமே வேணும்னாலும், இல்ல நீங்களே ஒரு வருசம் ஓட்டிப் பாத்துட்டு இது நமக்கு ஒத்துவரலன்னு நெனச்சாலும், அரை நாள்ல பழையபடி மாட்டிரலாம்.